மூட்டைக்கு எத்தனை கல்?

சற்று நீண்ட பதிவு. கட்டடப் பொறியியல், ஊரக வளர்ச்சி, பொருளியல் ஆகிய துறைகளில் பயிலும் நண்பர்கள் இறுதிவரை வாசித்து, மாறுபாடு இருப்பின் தயங்காமல் கூற வேண்டுகிறேன்.

சென்ற கோடையில் கோலார் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், அரசின் வீட்டு உதவித்தொகையைக் கொண்டு கட்டப்பட்ட ஒரு வீட்டைப் பார்க்க நேர்ந்தது. குடியேறி ஓராண்டு நிறையவில்லை. சன்னலின் கீழ்மூலையில் தொடங்கிய விரிசல், கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள கலவையைத் தொடர்ந்து, படிக்கட்டைப் போல் தரைவரை இறங்கியிருந்தது. மழைக்காலத்தில் அந்த வழியே நீர் கசிந்து உட்புறப் பூச்சு வட்ட வட்டமாகப் பெயர்ந்திருந்தது. வீட்டுக்கார அம்மையார் என்னிடம் கன்னடத்தில் கேட்டது ஒரே கேள்விதான்: கல் போட்டவர் சிமெண்டைத் திருடிவிட்டாரா?

என்னோடு வந்திருந்தவர் அந்தச் சுவரைக் கட்டிய கொத்தனார். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், கர்நாடகத்தில் கொத்து வேலை செய்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அவர் தமிழில் என்னிடம் சொன்னார்: "சிமெண்டு கொஞ்சம் கம்மியா இருக்கலாம் தம்பி. ஆனா வெடிப்பு அதனால இல்ல. வந்தது பச்சக் கல்லு. வண்டியில இருந்து இறக்கும்போதே மூலை உதிர்ந்துச்சு."

"தெரிஞ்சும் ஏண்ணா கட்டினீங்க?" என்றேன்.

"லிண்டல் மட்டம் ஏறினாத்தான் அடுத்த தவணை வரும்னு அந்தம்மா அழுதாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

சூளையில் வேகாத செங்கல்லைப் பச்சைக் கல் என்பது நம் வழக்கு. அதே சொல்லை அவர் சிமெண்ட் கல்லுக்குப் பயன்படுத்தியது மிகப் பொருத்தமானது. செங்கல்லை ஆக்குவது தீ. சிமெண்ட் கல்லை ஆக்குவது நீரும் நாள்களும். அந்த அம்மையாரின் கேள்விக்கும் கொத்தனாரின் விடைக்கும் இடையே இருக்கும் தொலைவே இப்பதிவின் பொருள். மலிவு விலைச் சிமெண்ட் கல்லைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் சிமெண்டின் அளவைப் பற்றியே பேசுகிறோம். மெய்யாகவே அக்கல்லிலிருந்து களவு போவது காலம். அதைக் களவாடுபவர் ஒருவரல்லர். பட்டறைக்காரரின் கையில் இல்லாத முதலும், அரசின் தவணை முறையும், நம் ஆய்வுகளின் பாராமுகமும் சேர்ந்து அதைச் செய்கின்றன.

முதலில், இக்கல் ஏன் வென்றது என்பதைப் பார்த்துவிடுவோம். கர்நாடகத்தின் நகர்ப்புறங்களிலும் ஊர்ப்புறங்களிலும் பரவலாகப் புழங்கும் 'ஆறு இஞ்சு சாலிட்' கல், பெயரளவில் 400 மி.மீ. நீளமும் 200 மி.மீ. உயரமும் 150 மி.மீ. தடிமனும் கொண்டது. ஒரு சதுர மீட்டர் சுவருக்கு இத்தகைய கற்கள் பன்னிரண்டரை போதும். ஒரு செங்கல் தடிமனுள்ள சுவருக்கு அதே பரப்பில் ஏறத்தாழ நூறு செங்கற்கள் வேண்டும். கல் குறைந்தால் இணைப்புகள் குறையும். இணைப்புகள் குறைந்தால் கலவையும் கொத்தனாரின் நேரமும் குறையும். சூளைக்கு வேண்டிய வயல்மண்ணும் விறகும் நிலக்கரியும் இதற்குத் தேவையில்லை. ஓர் அதிர்வு இயந்திரம், சிறிது இடம், சிமெண்ட், கிரஷரிலிருந்து வரும் கல்தூள், பேபி ஜல்லி ஆகியவை இருந்தால் எந்த ஊரின் விளிம்பிலும் பட்டறை தொடங்கிவிடலாம். பழக்கத்தால் சிமெண்டும் மணலும் என்கிறோமே தவிர, ஆற்று மணல் இக்கல்லைவிட்டுப் பெரும்பாலும் விலகிவிட்டது. 2016ஆம் ஆண்டின் ஐ.எஸ். 383 தரநிலை ஆலை மணலை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பே பட்டறைகள் கல்தூளுக்கு மாறியிருந்தன. ஆறுகளுக்கு இதனால் நன்மையே. இக்கல்லை வெறுப்பதற்கு எனக்குக் காரணம் ஏதுமில்லை. ஏழை எளியோரின் சுவருக்கு இது நல்ல பொருள். அதனாலேயே இது கெட்டுப்போவது வருத்தமளிக்கிறது.

நான் சென்று பார்த்த பட்டறைகளில் தரத்துக்கு வழங்கும் அளவுகோல் ஒன்றே: 'மூட்டைக்கு எத்தனை கல்?' ஐம்பது கிலோ மூட்டை ஒன்றில் 25 கல் போட்டால் நல்ல கல், 35 போட்டால் மட்டமான கல் என்பது பேச்சு. வாங்குபவரும் அதையே கேட்கிறார், விற்பவரும் அதற்கே விடை சொல்கிறார். இந்த அளவுகோலை ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்போம். அரசின் ஊரக வீட்டுத் திட்டம் கோரும் குறைந்த அளவு 25 சதுர மீட்டர். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் என்று கொண்டால் சுற்றுச்சுவர் 20 மீட்டர். மூன்று மீட்டர் உயரத்துக்கு 60 சதுர மீட்டர். கதவு சன்னல்களின் கழிவும் உட்சுவரின் கூட்டலும் சரியாய்ப் போகட்டும். 750 கல் வேண்டும். மூட்டைக்கு 25 என்றால் 30 மூட்டை. மூட்டைக்கு 35 என்றால் இருபத்தொன்றரை மூட்டைக்குச் சற்றுக் குறைவு. வேறுபாடு எட்டரை மூட்டை. மூட்டை 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 3,400 ரூபாய். சமவெளிப் பகுதிகளில் இத்திட்டம் வழங்கும் 1,20,000 ரூபாயில் இது மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. வீட்டின் ஆயுளையே தீர்மானிப்பதாக நாம் எண்ணும் 'சிமெண்ட் திருட்டு', பண அளவில் இவ்வளவுதான்.

அப்படியானால் அந்த எட்டரை மூட்டை குறைந்ததால் சுவர் வலுவிழந்ததா? இங்கேதான் நம் பொது அறிவு நம்மை ஏமாற்றுகிறது. ஒரு மாடிகூட இல்லாத வீட்டின் சுவர் தாங்கும் சுமை எவ்வளவு? மூன்று மீட்டர் உயரச் சுவரின் சொந்த எடையால் அடிமட்டத்தில் ஏற்படும் அழுத்தம், சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 0.06 நியூட்டன். கூரைத் தளத்தின் எடையையும் அதன்மேல் வரும் சுமையையும் சேர்த்தாலும், ஆறு இஞ்சுச் சுவரில் மொத்தம் 0.11 முதல் 0.16 வரைதான் வருகிறது. திடக் கல்லுக்கு ஐ.எஸ். 2185 தரநிலை குறிக்கும் வலிமை வகைகள் 4ம் 5ம். 3.5 வலிமையுள்ள கல்லாலான சுவருக்கே, நல்ல கலவையோடு, 0.35 வரை அடிப்படை அழுத்தத்தை ஐ.எஸ். 1905 அனுமதிக்கிறது. மெல்லிய சுவர் பக்கவாட்டில் வளையும் இயல்புக்காக அதில் ஒரு பகுதியைக் கழித்தாலும் இடைவெளி மிச்சமிருக்கிறது. சுருங்கச் சொன்னால், அமுக்கு வலிமை மட்டுமே கேள்வி என்றால், சற்றே மட்டமான கல்லும் ஒற்றைத்தள வீட்டைத் தாங்கி நிற்கும். இக்கல்லால் விளையும் தீங்கு கண்ணில் படாமல் போவதற்குக் காரணமும் இதுவே. சுவர் நிற்கிறது, ஆகவே கல் நல்ல கல் என்று எண்ணிவிடுகிறோம்.

சுவர் கெடுவது வேறு வழிகளில். முதல் வழி சுருக்கம். சிமெண்ட் கல் உலரும்போது சுருங்கும். அது பிழையன்று, இயல்பு. உலர்ச் சுருக்கம் 0.06 விழுக்காட்டுக்கு மிகக் கூடாது என்கிறது தரநிலை. நான்கு மீட்டர் நீளச் சுவருக்கு இது 2.4 மி.மீ. கல் பட்டறையில் இருக்கும்போதே இச்சுருக்கத்தின் பெரும்பகுதி நடந்து முடிந்துவிட வேண்டும் என்பதற்காகவே, குறைந்தது 14 நாள்கள் ஈரம் மாறாமல் வைத்திருந்து, அதன்பின் நான்கு வாரம் உலரவிட்டுப் பயன்படுத்துமாறு தரநிலை கூறுகிறது. மூன்றாம் நாளில் சுவரேறிய கல், பட்டறையில் முடித்திருக்க வேண்டிய வேலையைச் சுவருக்குள் வந்து செய்கிறது. இருபுறமும் பிடித்து நிறுத்தப்பட்ட நிலையில் அதனால் சுருங்க இயலாது, ஆகவே பிளக்கிறது. முதலில் பிளக்கும் இடம் சன்னலின் மூலை. கோலாரில் நான் கண்டது அதைத்தான்.

இரண்டாம் வழி, வலிமை வளராமை. சிமெண்ட் காய்வதால் கெட்டிப்படுவதில்லை. அது நீரோடு வினைபுரிந்து கெட்டிப்படுகிறது. கல்லினுள் ஈரப்பதம் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் அவ்வினை நின்றுபோகிறது. வார்த்த நாள் முதல் வெறும் காற்றில் உலரவிடப்பட்ட கான்கிரீட், தொடர்ந்து நனைக்கப்பட்டதன் வலிமையில் ஏறத்தாழப் பாதியையே எட்டும் என்பதைக் காட்டும் வரைபடத்தை நாம் அனைவரும் இளநிலைப் பாடநூலிலேயே பார்த்திருக்கிறோம். போதாக்குறைக்கு, இன்று சில்லறைக் கடையில் கிடைக்கும் மூட்டைகளில் பெரும்பாலானவை சாம்பலோ கசடோ கலந்த சிமெண்ட். சுற்றுச்சூழல் நோக்கில் அது நல்ல மாற்றம். ஆனால் அது மெதுவாக வலுப்பெறுவது. சாதாரண சிமெண்டுக்கு ஏழு நாள் என்றும், கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது பத்து நாள், இயன்றால் பதினான்கு நாள் என்றும் ஐ.எஸ். 456 வேறுபடுத்திச் சொல்வது இதனால்தான். சிமெண்ட் மாறிவிட்டது, பட்டறையில் தண்ணீர் விடும் நாள்கள் கூடவில்லை, குறைந்திருக்கின்றன.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 'மூட்டைக்கு எத்தனை கல்' என்ற அளவுகோல் எவ்வளவு பிழையானது என்பது விளங்கும். மூட்டைக்கு 25 போட்டு மூன்றாம் நாள் வண்டியேற்றிய கல்லுக்கு, மூட்டைக்கு 35 போட்டு நன்றாக அதிரவைத்து, இரண்டு வாரம் நனைத்து, ஒரு மாதம் உலர்த்திய கல் பின்தங்க வேண்டியதில்லை. முன்னதில் கூடுதலாகச் சேர்த்த சிமெண்டில் ஒரு பகுதி வினைபுரியாமலேயே தூளாகக் கிடக்கிறது. சுண்ணாம்புக் கல்லை 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு, கரியமில வாயுவை வானில் விட்டு ஆக்கிய பொருள் அது. அதை நனைக்காமல் வீணடிப்பது ஏழைக்கும் இழப்பு, உலகுக்கும் இழப்பு. குறைந்த சிமெண்டில் கல் செய்வது குற்றமன்று. ஆறு பங்கு ஜல்லி மணலுக்கு ஒரு பங்குக்கு மேல் சிமெண்ட் வேண்டாம் என்று தரநிலையே மேல்வரம்புதான் விதிக்கிறது. குறைந்த நாளில் கல் விற்பதுதான் குற்றம்.

இதனோடு ஒரு சிறு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். செங்கல்லை ஊறவைத்துக் கட்டியவர்கள் நம் கொத்தனார்கள். செங்கல்லுக்கு அது சரி. இல்லையேல் கலவையின் நீரை அது உறிஞ்சிவிடும். அதே கையோடு சிமெண்ட் கல்லையும் தொட்டியில் முக்கி எடுத்துக் கட்டுகிறார்கள். ஐ.எஸ். 2572 இதை வேண்டாம் என்கிறது. தேவையானால் மேற்பரப்பைச் சற்றே ஈரப்படுத்தினால் போதும். பட்டறையில் தண்ணீர் கிடைக்காத கல்லுக்குச் சுவரேறும் நேரத்தில் முழுக்காட்டு நடக்கிறது. உப்பி, பின்பு சுவருக்குள் மீண்டும் சுருங்குகிறது. கொத்தனாரைக் குறைசொல்வதற்காக இதைக் கூறவில்லை. பொருள் மாறியபோது அவருக்கு அம்மாற்றத்தைச் சொல்ல யாரும் வரவில்லை.

இனி, பட்டறைக்காரர் ஏன் காத்திருப்பதில்லை? அவரைக் கயவர் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. நாளொன்றுக்கு ஆயிரம் கல் போடும் சிறு பட்டறையை எடுத்துக்கொள்வோம். தரநிலையின்படி 14 நாள் நனைத்து 28 நாள் உலர்த்தினால், எந்த நேரத்திலும் 42,000 கல் களத்தில் அடுக்கிக் கிடக்க வேண்டும். கல் 35 ரூபாய் என்று கொண்டால் 14,70,000 ரூபாய் மதிப்புள்ள சரக்கு. இயந்திரத்தின் விலையைவிட இது பெரிய தொகையாக இருக்கலாம். அதற்கான இடவாடகை வேறு. சிமெண்டுக்கு உடனே பணம் தர வேண்டும். கூலி வாரந்தோறும் தர வேண்டும். "இயந்திரத்துக்குக் கடன் கேட்டால் வங்கியில் பேசுகிறார்கள், அடுக்கி வைத்த கல்லுக்குக் கடன் கேட்டால் சிரிக்கிறார்கள்" என்றார் ஒரு பட்டறை உரிமையாளர். காத்திருப்பதற்கும் முதல் வேண்டும் என்பதைப் பொருளியல் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த முதல் இல்லாதவர் பச்சைக் கல்லை விற்கிறார். அந்த முதல் இல்லாத ஏழை அதை வாங்குகிறார்.

கூலி முறையும் இதற்குத் துணைபோகிறது. நான் கண்ட பட்டறைகளில் கூலி, போட்ட கல்லின் எண்ணிக்கைக்கே கணக்கிடப்பட்டது. கலவை கலப்பவருக்கும் இயந்திரத்தை இயக்குபவருக்கும் கல்லைச் சுமந்து அடுக்குபவருக்கும் அதில் பங்கு உண்டு. ஒரு திடக் கல் ஏறத்தாழ 25 கிலோ. முன்சொன்ன 750 கல்லுக்கு, ஒருமுறை தூக்கினாலே, 19 டன்னுக்குச் சற்றுக் குறைவு. இத்தனை உழைப்புக்கும் எண்ணிக்கைதான் கூலி. தண்ணீர் விடுவதற்கென்று தனிக் கூலி இல்லை. நேரம் கிடைத்தால், குழாயில் நீர் வந்தால், யாரேனும் ஒரு பெண் மாலையில் நனைப்பார். கல்லின் வலிமையை நிர்ணயிக்கும் பணி எதுவோ, அதற்கு மட்டும் சம்பளம் இல்லை.

அடுத்து, அரசு. வீட்டுத் திட்டப் பணம் தவணைகளாக வருகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் இடக்குறிப்போடு ஒளிப்படம் எடுத்துப் பதிவேற்ற வேண்டும். ஊழலைத் தடுக்க இது நல்ல ஏற்பாடு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படம் சுவரின் உயரத்தைப் பார்க்கிறது, கல்லின் வயதைப் பார்ப்பதில்லை. விரைந்து கட்டியவருக்கு விரைந்து பணம், காத்திருந்தவருக்குத் தாமதம். வாடகை வீட்டிலோ உறவினர் திண்ணையிலோ தங்கிக்கொண்டு, கைமாற்று வாங்கிய பணத்துக்கு வட்டி கட்டும் ஒரு குடும்பத்திடம் 'நாற்பத்திரண்டு நாள் பொறு' என்று யார் சொல்வது? அந்த அம்மையார் அழுததில் அறியாமை ஏதுமில்லை. அவரளவில் அது சரியான கணக்கு. அந்தக் கணக்கைச் சரியானதாக ஆக்கிவைத்த ஏற்பாடுதான் பிழையானது. உதவித்தொகையோ 2016இல் திட்டம் தொடங்கியபோது இருந்த அதே 1,20,000 ரூபாயாகவே, 2024இல் மேலும் இரண்டு கோடி வீடுகளுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டபோதும் தொடர்ந்தது. அந்தத் தொகைக்குள் அடங்க வேண்டுமெனில் எதையாவது விட வேண்டும். விட எளிதானது நாள்தான். அதற்கு விலைப்பட்டியல் இல்லை.

இப்போது நம் பக்கம் திரும்ப வேண்டும். இதில் நானும் அடக்கம். சிமெண்ட் கல்லைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டிப் பாருங்கள். மணலுக்குப் பதிலாகத் தேங்காய்ச் சிரட்டை, கண்ணாடித் தூள், நெகிழிக் கழிவு, வார்ப்பாலை மணல். சிமெண்டுக்குப் பதிலாக உமிச் சாம்பல், கரும்புச் சக்கைச் சாம்பல். பத்து விழுக்காடு, இருபது விழுக்காடு, முப்பது விழுக்காடு என்று மாற்றி மாற்றிக் கலந்து, ஏழாம் நாளும் 28ஆம் நாளும் உடைத்துப் பார்த்து, ஒரு வளைகோட்டை வரைந்து முடித்துவிடுகிறோம். அந்தக் கற்கள் 28 நாளும் எங்கே இருந்தன? 27 பாகை வெப்பநிலையில், ஆய்வகத்தின் தெளிந்த நீர்த்தொட்டியில். நாம் பேசும் ஏழைவீட்டின் கல் அந்தத் தொட்டியை ஒருநாளும் பார்த்ததில்லை. அது ஏப்ரல் வெயிலில், திறந்த களத்தில், இரண்டு நாள் மாலைத் தூறலோடு வளர்ந்தது. கலவையை மாற்றினால் என்னவாகும் என்பதற்கு நம்மிடம் ஏராளமான விடைகள் உள்ளன. மூன்றாம் நாளில் விற்கப்படும் கல் ஓராண்டில் என்னவாகிறது, எத்தனை நாள் நனைப்பில் எவ்வளவு மீள்கிறது, மிகக் குறைந்த நீரில் அதைச் செய்ய இயலுமா என்ற கேள்விகளுக்கு நாம் செலவிடும் உழைப்பு அதில் சிறு பங்கே. காரணம் எளியது. கலவை ஆய்வகத்துக்குள் அடங்கும். பட்டறைக்கு நாம் போக வேண்டும்.

எழக்கூடிய மறுப்புகள் மூன்று. முதலாவது: சிமெண்டையே கைவிட்டு மண்கல்லுக்குத் திரும்பலாமே என்பது. அம்மரபின்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் அமுல்ய ரெட்டி தொடங்கிய அஸ்த்ரா குழு, கே.எஸ். ஜகதீஷ் போன்றோரின் உழைப்பால், நிலைப்படுத்திய மண்கல்லை ஒரு நம்பகமான கட்டுமானப் பொருளாக்கியது. கேரளத்தில் லாரி பேக்கர், செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டால் ஏறத்தாழ கால்பங்கு செங்கல்லை மிச்சப்படுத்திக் காட்டினார். வீட்டுக்கு வேண்டிய பொருளெல்லாம் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தியடிகள் தம்மிடம் கூறியதை அவர் மீண்டும் மீண்டும் நினைவுகூர்ந்தார். ஆனால் நிலைப்படுத்திய மண்கல்லிலும் சிறு பங்கு சிமெண்ட் உண்டு. அதற்கும் வாரக்கணக்கில் ஈரம் வேண்டும். பச்சைக் கல்லை வாங்க வைக்கும் அதே தவணையும் அதே வறுமையும் மண்கல்லையும் பச்சையாகவே சுவரேற்றும். பொருளை மாற்றுவதால் மட்டும் இந்நோய் தீராது. பேக்கரின் வீடுகள் நின்றதற்குப் பொருள் மட்டும் காரணமன்று. அவர் களத்தில் நின்று கொத்தனாரோடு சேர்ந்து கட்டினார் என்பதும் காரணம்.

இரண்டாவது மறுப்பு: விரிசல் விழுந்தாலும் சுவர் நிற்கிறதே, இதற்கு ஏன் இத்தனை ஆரவாரம்? கோலாரில் நிற்கலாம். நாடு முழுதும் ஒரே நிலமன்று. கட்ச் முதல் இமயமலை அடிவாரம், வட பீகார், அசாம் வரையிலான நிலநடுக்கப் பகுதிகளில் சுவருக்கு வரும் சோதனை மேலிருந்து வருவதன்று, பக்கவாட்டில் வருவது. அமுக்கத்தைத் தாங்கும் கல், இழுப்பையும் நழுவலையும் தாங்குவதில் எப்போதுமே வலுக்குறைந்தது. பச்சையாகக் கட்டி விரிசலுற்ற சுவரோ இன்னும் வலுக்குறைந்தது. அசாமில் மூங்கிலும் நாணலும் கொண்டு கட்டிய இலகுவான சுவர்கள் நில அதிர்வுக்கு வளைந்து கொடுத்தவை. அங்கே இன்று 'பக்கா' வீடு என்ற பெயரில் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் எடையுள்ள சுவரை எழுப்புகிறோம். லிண்டல் மட்டத்தில் கம்பியிட்ட கான்கிரீட் பட்டையும் நன்கு முற்றிய கல்லும் இல்லாமல் அச்சுவரின் கீழ் குழந்தைகளை உறங்க வைப்பது முன்னேற்றமாகாது.

மூன்றாவது மறுப்பே மிகக் கடினமானது: தண்ணீர் எங்கே? 2024ஆம் ஆண்டு மார்ச்சில், ஆழ்துளைக் கிணறுகள் வறண்ட பெங்களூரில், கட்டுமானத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவிக்கப்பட்டது நினைவிருக்கும். மனிதர் குடிக்க நீரில்லாதபோது கல்லுக்கு எப்படி நீர் கேட்பது? நியாயமான கேள்விதான். ஆனால் நனைப்பது என்றால் குழாயைத் திறந்துவிடுவது என்று பொருளன்று. வார்த்த மறுநாள் கல்லை நெருக்கமாக அடுக்கி, ஒருமுறை நன்கு நனைத்து, நெகிழித் தாளால் காற்றுப் புகாமல் மூடிவிட்டால், உள்ளிருக்கும் ஈரம் உள்ளேயே நிற்கும். சாக்குப்படுதாவை நனைத்து மூடி, அதன்மேல் தாளைப் போர்த்தினால் இன்னும் நன்று. திறந்த வெயிலில் நாளுக்கு மூன்று முறை தெளிக்கும் நீர் பெரும்பாலும் ஆவியாகிப் போவதுதான். சுத்திகரித்த கழிவுநீரை, உப்பின் அளவு பார்த்து, இதற்குப் பயன்படுத்தலாம். நீர்ப்பஞ்சம் இக்கல்லுக்கு எதிரான வாதமாகாது. மூடி வைப்பதற்கு ஆதரவான வாதமே.

ஆகவே என் வேண்டுகோள் பெரிய திட்டம் எதுவுமன்று. பட்டறையில் ஒவ்வோர் அடுக்கின்மேலும் வார்த்த தேதியைச் சாயத்தால் எழுத வேண்டும். அரசுப் பணத்தில் கட்டும் வீட்டுக்குக் கல் இறங்கும்போது, எடுக்கும் படங்களில் ஒன்று அந்தத் தேதியைக் காட்ட வேண்டும். முதல் தவணையை அடித்தளத்துக்கு மட்டும் தராமல், சுவருக்கான கல்லை முன்கூட்டியே பதிவு செய்யும் தொகையையும் அதோடு சேர்த்துத் தந்தால், அடித்தளம் எழும் நாள்களில் கல் பட்டறையில் முற்றிக்கொண்டிருக்கும். குடும்பம் கூடுதலாக ஒரு நாளும் காத்திருக்க வேண்டியதில்லை. அடுக்கி வைத்த கல்லை ஈடாக ஏற்றுச் சிறு பட்டறைகளுக்கு ஒன்றரை மாதக் கடன் கிடைக்க வழி செய்ய வேண்டும். தண்ணீர் விடுவதும் மூடி வைப்பதும் கூலிக்குரிய வேலையாகக் கணக்கில் ஏற வேண்டும்.

நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நம் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் அமுக்கு வலிமை சோதிக்கும் இயந்திரம் இருக்கிறது. தேர்வுப் பருவம் தவிர்த்த நாள்களில் அது பெரும்பாலும் தூசி படிந்து நிற்கிறது. வாரத்தில் ஒரு நாள், வீடு கட்டும் எவரும் கல் கொண்டுவந்து இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம் என்று ஒரு பலகை மாட்டினால் என்ன? ஐயாயிரம் கல்லுக்கு இருபது கல் மாதிரி என்பது தரநிலை. ஏழைவீட்டுக்கு நான்கு கல்லேனும் போதும், ஒன்றுமில்லாததற்கு அது மேல். அந்த நாள் வரும்வரை, வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை: நன்கு உலர்ந்த கல் ஒன்றை எடை போடுங்கள். ஒரு நாள் முழுதும் நீரில் மூழ்க வைத்து, எடுத்துத் துடைத்து, மீண்டும் எடை போடுங்கள். பத்து விழுக்காட்டுக்கு மேல், அதாவது 25 கிலோ கல்லில் இரண்டரை கிலோவுக்கு மேல், நீர் குடித்திருந்தால் அந்தக் கல் வேண்டாம். இதற்கு ஆய்வகம் தேவையில்லை. பழைய இரும்புக் கடைக்காரரின் தராசு போதும்.

சிமெண்ட் மூட்டையின்மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்த மூட்டையைப் பிரித்து நீரூற்றிய நொடியிலிருந்து, அது ஒருவர் வீட்டுச் சுவராகும்வரை நடப்பதைப் பார்க்க யாருமில்லை. அந்த இடைவெளியில்தான் மலிவு வீடுகள் கட்டப்படுகின்றன.

கோலாரிலிருந்து புறப்படும்போது, விரிசலைத் தோண்டி, மெலிந்த கலவை வைத்து அடைத்து, மேலே கோழிவலை பதித்துப் பூசித் தருவதாகக் கொத்தனார் அந்த அம்மையாரிடம் சொன்னார். கூலி வேண்டாம் என்றும் சொன்னார். கல் இப்போது முற்றிவிட்டது, இனிப் பெரிதாகச் சுருங்காது என்றும் விளக்கினார். அதைக் கேட்டு அவர் முகம் சற்றுத் தெளிந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, அடுத்த தெருவில் தன் தங்கைக்கும் வீடு அனுமதியாகியிருக்கிறது, கல் வாங்கும்போது எதைக் கேட்க வேண்டும் என்று விசாரித்தார். 'மூட்டைக்கு எத்தனை என்று கேட்காதீர்கள் அம்மா. போட்டு எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள்' என்றேன். அதற்குப் பட்டறைக்காரர் பொய் சொன்னால் என்ன செய்வது என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. நம் துறைகளுக்குள் யாரிடமேனும் இருந்தால், அதை ஆய்விதழில் வெளியிடுவதற்கு முன் அந்தத் தெருவுக்கு ஒருமுறை வந்து சொல்லுங்கள்.